முதலாவது எங்கே?

கேள்வி: போர்த்துகீசிய மொழியில் திங்கட்கிழமைக்கு ‘இரண்டாம் நாள்’ என்று பெயராமே? அப்படியானால் முதலாம் நாள் எங்கே போயிற்று? (ஒரு வாசகர், கும்பகோணம்)

பதில்: ‘நாள்’ என்று யார் ஐயா உங்களுக்குச் சொன்னது? ‘செகுந்தா ஃபெய்ரா’ என்பதில் செகுந்தா இரண்டாவது, சரி. ஃபெய்ராவின் மூலம் லத்தீன் ‘ஃபேரியா’. அதற்கு அர்த்தம் விடுமுறை! ஆக, லிஸ்பன்காரர் திங்கட்கிழமை காலை டிராமில் தொங்கிக்கொண்டு ஆபீஸ் போவது ‘இரண்டாவது விடுமுறை’யன்று. வெள்ளிக்கிழமை, ஆறாவது விடுமுறை. திருவிழாவில் கடை போட்டுப் போட்டு ஃபெய்ராவுக்குச் சந்தை என்ற அர்த்தமும் ஒட்டிக்கொண்டது. அதே வேர் ‘ஃபேரியஷ்’ என்று பன்மையில் வந்தால்தான் நிஜ லீவு.

எங்கள் பிழை திருத்துபவர் இதை மேசையில் பார்த்துவிட்டார். இரண்டு நாளாக என்னிடம் ரொம்பப் பணிவாகப் பேசுகிறார். பயமாக இருக்கிறது.

எண்ணும் பழக்கம் திருச்சபை லத்தீனிலிருந்து வந்தது. 6ஆம் நூற்றாண்டில் இன்றைய போர்த்துகலில் உள்ள பிராகா நகர் ஆயர் மார்ட்டின், கிழமையைச் சொல்லும்போது கிறிஸ்தவன் வாயில் மார்ஸ், மெர்க்குரி என்று ரோமானியக் கடவுள்களின் பெயரெல்லாம் வரலாமா என்று கடிந்துகொண்டார். பக்கத்து ஸ்பெயின்காரர் காதில் அது ஏறவில்லை. இன்றும் மார்ஸ் பெயரில் ‘மார்த்தெஸ்’ என்றுதான் சொல்கிறார். போர்த்துகீசியர் மட்டும் எண்ணிக்கையோடு நின்றுவிட்டார். உங்கள் முதலாவது எங்கும் போகவில்லை. ஞாயிறு ‘ஆண்டவரின் நாள்’, தொமிங்கு ஆகிவிட்டது. சனியும் யூதர்களின் சபாத்திலிருந்து ‘சாபது’ ஆகி, எண்ணுக்குத் தப்பிவிட்டது.

மார்ஸ் என்றால் நம் செவ்வாய்தான். ‘செவ்வாயோ வெறுவாயோ’ என்று நல்ல காரியத்தைத் தள்ளிப்போடுகிறோமே, ஸ்பெயினிலும் அதே கதை: செவ்வாயில் கல்யாணமும் கூடாது, கப்பலேறவும் கூடாது என்று பழமொழியே இருக்கிறது. கிரகத்தை விரட்டிய போர்த்துகீசியராவது நிம்மதியாக இருக்கிறாரா என்றால், வெள்ளிக்கிழமை 13ஆம் தேதியில் வந்தால் அவருக்கும் கிலி. பெயரை மாற்றினாலும் பயம் வேறு வீடு பார்த்துக்கொள்கிறது. ராசிபலன் போடுங்கள், விற்பனை ஏறும் என்று பத்து வருஷமாக என்னைக் குடையும் எங்கள் விளம்பரப் பிரிவு நண்பருக்கும் இதுவே பதில்: மாட்டேன்.

இதை முடிக்கும்போது மேசைக்கு ஒரு காகிதம் வந்தது. பிழை திருத்துபவர் கையெழுத்து, ஒற்றுப்பிழைகூட இல்லை. ‘மூன்றாவது விடுமுறையை முன்னிட்டுச் செவ்வாயன்று வர இயலாது.’