ரோபோ இல்லாமல் முதுகில் திருகு போடலாமா?

களியக்காவிளை தம்பி, அம்மாவுக்கு எல்4–எல்5 இடத்தில் (இடுப்பு முதுகெலும்பின் நாலாவது, ஐந்தாவது எலும்புகள்) சி-ஆர்ம் எக்ஸ்ரே (அறுவையின்போதே படம் காட்டும் கருவி) பார்த்தே திருகு போடலாம் என்கிறார் திருவனந்தபுரம் டாக்டர், ரோபோ இல்லாமல் சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். கைப்பழக்கம் உள்ளவர் என்றால் தாராளமாகச் செய்யலாம். இடுப்பில் திருகு நுழையும் பெடிக்கிள் எலும்பு (முதுகெலும்பின் முன்பகுதியையும் பின்பகுதியையும் இணைக்கும் பாலம்) பொதுவாக அகலமானது. நடுமுதுகில்தான் ஒடுக்கம், முதுகு வளைந்திருந்தாலும் சிரமம். அங்கே நேவிகேஷன் (கணினித் திரையில் வழிகாட்டும் முறை), ரோபோ நன்றாக உதவும். துளை போட்டதும் மெல்லிய கம்பியை உள்ளே விட்டு நாலு சுவரையும் அடியையும் தடவிப் பார்ப்பார்கள். உள்சுவரை ஒட்டித்தானே நரம்பு! திருகு எலும்பை விட்டு 2 மில்லிமீட்டருக்குள் விலகினால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார்கள்.

இதுவரை எத்தனை பேருக்குச் செய்தார், பிறகு சிடி ஸ்கேன் எடுப்பாரா என்று கேளுங்கள். அறுவை முடிந்து என் அப்பா கண் விழித்ததும் கால் பெருவிரலைத் தூக்கச் சொன்னார்கள். அது எல்5 நரம்புக்கான சோதனை. அம்மாவுக்குப் புதிதாகக் கால் மரத்தாலோ பலம் குறைந்தாலோ உடனே சொல்லிவிடுங்கள்.