ஓராண்டுப் பணத்தை முன்கூட்டியே கட்டலாமா?

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகன், வீடியோ கேம் பாத்திரங்களின் பொம்மைகள், டி-ஷர்ட், பேட்ஜ் ஆகியவற்றை மாதம் ஒரு பெட்டியாக அனுப்பும் வெளிநாட்டு நிறுவனம் ஒன்றில் சந்தா சேர விரும்புகிறான். ஓராண்டுக்கு மொத்தமாகச் செலுத்தினால் தள்ளுபடி உண்டாம். கட்டலாமா?
— வாசகி, கோத்தகிரி

பதில்: மகனின் விருப்பத்தைத் தடுக்க வேண்டாம், ஆனால் ஓராண்டுப் பணத்தை ஒருபோதும் முன்கூட்டியே கட்டாதீர்கள். இத்தொழிலில் முன்னோடியாக 2012-இல் லாஸ் ஏஞ்சலிஸில் தொடங்கப்பட்ட லூட் கிரேட் நிறுவனமே 2019 ஆகஸ்டில் திவால் பாதுகாப்பு கோரி நீதிமன்றம் சென்றது. அப்போது, பணம் கட்டிவிட்டுப் பெட்டிக்காகக் காத்திருந்த சந்தாதாரர்கள் ஏராளம். கடல் கடந்த நிறுவனத்திடமிருந்து பணத்தைத் திரும்பப் பெறுவது நம் போன்றோருக்கு எளிதன்று. மாதச் சந்தாவில் இழப்பு ஏற்பட்டாலும் அது ஒரு பெட்டியோடு நின்றுவிடும்.

சந்தாத் தொகையோடு அஞ்சல் செலவையும் சுங்க வரியையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். 'பரிசு' என்று எழுதி அனுப்பினால் வரி இல்லை என்று சிலர் இன்னமும் சொல்கிறார்கள். 5,000 ரூபாய் வரையிலான பரிசுப் பொருள்களுக்கு இருந்த விலக்கு, ராக்கிக்கும் உயிர்காக்கும் மருந்துகளுக்கும் மட்டும் நீடிக்க, மற்றவற்றுக்கு 2019 டிசம்பரிலேயே நீக்கப்பட்டுவிட்டது. இவ்வளவும் செலவழித்த பிறகு, மகன் விளையாடியே இராத ஒரு கேமின் பொம்மை பெட்டிக்குள் இருக்கவும் கூடும். பிரிக்கும் வரை உள்ளிருப்பது தெரியாது என்பதே இப்பெட்டிகளின் கவர்ச்சி என்பதை அறிவேன். ஆயினும் விருப்பமான பாத்திரத்தின் பொம்மை ஒன்றை, இந்தியக் கடையில் பார்த்து வாங்குவதே என் பரிந்துரை.

அவர் சந்தாவில்தான் உறுதியாக இருக்கிறார் எனில், ரிசர்வ் வங்கியின் விதி ஒன்று துணைக்கு இருக்கிறது. கார்டிலிருந்து தவணைதோறும் தானாகப் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே வங்கி உங்களுக்குத் தகவல் அனுப்ப வேண்டும். வேண்டாமெனில் அந்த அனுமதியை வங்கி வழியாகவே ரத்து செய்யலாம். ஆகவே, அந்தக் குறுஞ்செய்தியைப் படிக்காமல் அழித்துவிட வேண்டாம் என்று மகனிடம் சொல்லுங்கள்.

உங்கள் ஊருக்கென்று ஒன்று சொல்ல வேண்டும். சேகரிப்பாளர்கள் பொம்மைக்கு இணையாக அதன் அட்டைப் பெட்டியையும் மதிக்கிறார்கள். கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வீட்டுச் சுவரே ஈரம் காக்கும்போது, அட்டையில் பூஞ்சணம் பிடிக்க வெகுநாள் ஆகாது. வெளிச்சுவரை ஒட்டாத அலமாரியில், சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். வெயில் காணும் நாள்களில் அலமாரியைத் திறந்து காற்றாட விடுங்கள், ஆனால் நேர் வெயில் பொம்மையின் நிறத்தை மங்கச் செய்யும்.