காது கேட்காத தங்கைக்கு கவுன்சிலிங் கொடுக்க முடியாதா?

கேள்வி: என் தங்கைக்கு 24 வயது. பிறவியிலேயே காது கேட்காது. காது கேளாதோர் பள்ளியில் பிளஸ் டூ வரை படித்துவிட்டு, பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்து வந்தாள். நாலு மாதமாக வேலைக்குப் போக மாட்டேன் என்கிறாள். சரியாகச் சாப்பிடுவதில்லை. ராத்திரியெல்லாம் விழித்துக் கிடக்கிறாள். தோழிகள் வீடியோ கால் செய்தாலும் எடுப்பதில்லை. மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனோம். அம்மாதான் எல்லாவற்றையும் சொன்னார். பத்து நிமிடத்தில் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். கவுன்சிலிங் கேட்டதற்கு, "அது பேசிச் செய்கிற சிகிச்சை, காது கேட்காதவர்களுக்கு ஒத்துவராது" என்றார்கள். உண்மையா? நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

பதில்: உண்மையில்லை. காது கேளாதோருக்கென்றே தனி மனநலச் சேவை 1955இல் நியூயார்க் மாநில மனநல நிறுவனத்தில் தொடங்கிவிட்டது. அங்கே உளவியல் சிகிச்சை சைகை மொழியிலேயே நடந்தது. உங்கள் தங்கைக்கும் அது முடியும். இதுவரை யாரும் அவரிடம் அவருடைய மொழியில் எதையும் கேட்கவில்லை என்பதுதான் குறை. முதலில் சரிசெய்ய வேண்டியதும் அதுதான்.

மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மனச்சோர்வு மாத்திரைகள் பலன் காட்ட பொதுவாக 2 முதல் 4 வாரம், சிலருக்கு 6 வாரம்கூட ஆகும். திடீரென்று விட்டால் தலைசுற்றல், படபடப்பு, தூக்கக்கேடு வரலாம்.

அடுத்த முறை போகும்போது அம்மாவை மொழிபெயர்ப்பாளராக வைக்க வேண்டாம். அம்மா அக்கறையோடுதான் பேசுவார். ஆனால் மகளுக்கு வலிக்குமே என்று சில கேள்விகளை மென்மையாக்கிவிடுவார், தனக்கு வலிக்கிற பதில்களைச் சுருக்கிவிடுவார். பெரும்பாலான வீடுகளில் புழங்குவது சாப்பாடு, குளியல், கடை, காசு என்கிற அளவுக்கான வீட்டுச் சைகை. "எதிலும் பிடிப்பில்லை", "என்மேலேயே எனக்கு வெறுப்பாக இருக்கிறது" என்பதையெல்லாம் அதில் சொல்ல முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, வேலைக்குப் போக மறுப்பதற்குப் பின்னால் பேருந்திலோ கம்பெனியிலோ யாராவது தொல்லை கொடுத்திருக்கக்கூடும். காது கேளாத பெண்கள் பாலியல் தொல்லைக்கு எளிதில் இலக்காகிறார்கள். கத்த முடியாது, போய்ச் சொல்லவும் முடியாது என்று தொல்லை கொடுப்பவன் கணக்குப் போடுகிறான். குடும்பத்தார் யாரும் அறையில் இல்லாமல், பெண் மொழிபெயர்ப்பாளர் ஒருவரை வைத்துக்கொண்டு இதைக் கட்டாயம் கேட்க வேண்டும். அப்படி ஏதாவது நடந்திருந்தால், அவர் இருக்கும் இடத்துக்கே வந்து மொழிபெயர்ப்பாளர் உதவியோடு, வீடியோ பதிவுடன் புகாரை எழுத வேண்டியது காவல்துறையின் சட்டக் கடமை.

மொழிபெயர்ப்பாளருக்கு எங்கே போவது? மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் முதலில் கேளுங்கள். அடுத்து அவர் படித்த பள்ளி. 2015இல் டெல்லியில் தொடங்கப்பட்ட இந்திய சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் மொழிபெயர்ப்பாளர்களுக்குப் பயிற்சி தருகிறது. இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெற்றவராக இருந்தால் நல்லது. ஒரு எச்சரிக்கை: காது கேளாதோர் வட்டம் சிறியது, எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். பழைய ஆசிரியையோ, சங்கத்தில் பழகியவரோ வந்து உட்கார்ந்தால் தங்கை மனம் திறக்க மாட்டார். வேறு ஊர்க்காரர் ஒருவரை வீடியோ காலில் வைத்துக்கொள்வது பல சமயம் இதைவிட நல்லது. போனை விட லேப்டாப் வசதி. முகத்தில் வெளிச்சம் விழ வேண்டும், பின்னால் வெற்றுச் சுவர் இருக்க வேண்டும், இருவருடைய உடையும் பூப்போடாத ஒற்றை நிற உடையாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கையசைவு கண்ணுக்குத் தப்பிவிடும். யார் வந்தாலும் தங்கை அவரைப் பார்த்து, "சரி" என்று சொன்ன பிறகே சிகிச்சையைத் தொடங்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அதே ஆளே வர வேண்டும்.

மருத்துவமனைக்கு முன்கூட்டியே போன் செய்து, "மொழிபெயர்ப்பாளரோடு வருகிறோம், வழக்கத்தைப் போல இரண்டு மடங்கு நேரம் வேண்டும்" என்று சொல்லிவிடுங்கள். 45 நிமிட அமர்வு இங்கே 75 முதல் 90 நிமிடம் பிடிக்கும். மொழிபெயர்ப்பவருக்கு அரைமணிக்கு ஒருமுறை ஓய்வு தேவை. தயங்கினால் இரண்டு சட்டங்களை நினைவூட்டலாம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அரசு, தனியார் மருத்துவமனைகள் எல்லாவற்றிலும் தடையற்ற அணுகலும் சிகிச்சையில் முன்னுரிமையும் தரச் சொல்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, நோயையும் சிகிச்சையையும் பற்றி நோயாளிக்குப் புரிகிற மொழியில், புரிகிற வடிவில் சொல்லியாக வேண்டும். கையில் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இருக்கட்டும்.

அறையில் மொழிபெயர்ப்பாளர் ஆலோசகருக்குப் பக்கத்தில், அரையடி பின்தள்ளி உட்கார வேண்டும். அப்போதுதான் தங்கை இருவர் முகத்தையும் ஒரே பார்வையில் பார்க்க முடியும். ஆலோசகரின் முதுகுப் பக்கம் ஜன்னல் இருந்தால் முகம் இருட்டாகத் தெரியும், இடத்தை மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். கேள்வி நேராகத் தங்கையிடம் போக வேண்டும். "அவங்ககிட்ட கேளுங்க" என்று மொழிபெயர்ப்பாளரைப் பார்த்துப் பேச ஆரம்பித்தால் அம்மா பேசிய பழைய கதைதான். உதட்டசைவை வைத்தே புரிந்துகொள்வார் என்றும் நம்ப வேண்டாம். பணம், மணம் இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதான் அசையும். ககரம் போலத் தொண்டைப் பக்கம் பிறக்கும் ஒலிகள் வெளியே தெரியவே தெரியாது. முகக்கவசம் போட்டால் அந்தக் கொஞ்சமும் போச்சு.

தலையாட்டலை சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. புரியாவிட்டாலும் தலையாட்டிவிட்டுத் தப்பிப்பது காது கேளாத பலருக்குச் சின்ன வயதிலேயே படிந்துபோன பழக்கம். "புரிந்ததா" என்று கேட்காமல், "நான் சொன்னதை நீங்கள் ஒருமுறை சொல்லிக் காட்டுங்கள்" என்று கேட்பதே வழி.

நோயைக் கணிப்பதிலும் சறுக்கல்கள் உண்டு. தங்கை எழுதும் தமிழில் வேற்றுமை உருபும் காலம் காட்டும் இடைநிலையும் விடுபட்டிருக்கலாம். தமிழ் அவருக்கு இரண்டாம் மொழி என்பதுதான் அதற்குக் காரணம். பழக்கமில்லாத மருத்துவர் அதைச் சிந்தனைக் குழப்பம் என்று எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு. சைகை மொழியில் புருவம் தூக்குவதும் முகம் விரிவதும் இலக்கணம். அதைப் பித்தின் வேகம் (மேனியா எனும் மிகை எழுச்சி) என்று எண்ணிவிடலாம். தரையைத் தட்டுவது, கையை வீசுவது எல்லாம் கூப்பிடுகிற முறை, ஆத்திரம் அல்ல. மறுபுறம், சோர்வு ஆழமாக இருந்தால் அது கைகளில் தெரியும். சைகை சிறுத்து, மெதுவாகி, மடியை விட்டு மேலே எழாமல் போகும். முன்பு அவர் எப்படிச் சைகை செய்வார் என்பதற்கு உங்கள் போனில் பழைய வீடியோ இருந்தால் எடுத்துப்போய்க் காட்டுங்கள். அதைவிட நல்ல ஒப்பீடு மருத்துவருக்குக் கிடைக்காது.

உடல் பரிசோதனையை விட்டுவிட வேண்டாம். ரத்தசோகை, பி12, தைராய்டு மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். பெண்ட்ரெட் என்ற பரம்பரைக் குறைபாட்டில் காது கேளாமையோடு தைராய்டு வீக்கமும் சேர்ந்து வரும். இன்னொன்றை நீங்களே வீட்டில் கவனிக்கலாம்: பொழுது சாய்ந்தபின் வெளியே போகத் தயங்குகிறாரா, மங்கலான வெளிச்சத்தில் தடுக்கி விழுகிறாரா? அஷர் என்ற குறைபாட்டில் பிறவிச் செவித்திறன் இழப்போடு, பதின்ம வயதிலிருந்து மாலைக்கண்ணும் பக்கப் பார்வை குறைவதும் மெல்லத் தலைகாட்டும். சொந்தத்தில் திருமணம் செய்த குடும்பங்களில் இது வர வாய்ப்பு கூடுதல். கண்ணையே நம்பி வாழ்கிறவருக்குக் கண்ணும் மங்கினால் வரும் பயத்தை மனச்சோர்வு என்று மட்டும் எழுதிவிட்டால் பாதி உண்மை விட்டுப்போகும். விழித்திரைப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

மாத்திரை விஷயத்தில் மருத்துவரிடம் ஒன்றைச் சொல்லுங்கள்: இவருக்குக் கை நடுங்கினால் பேச்சு குழறுகிறது என்று பொருள். லித்தியம், வால்ப்ரோயேட் நடுக்கம் தரலாம். ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன் போன்றவை கையை விறைக்க வைக்கலாம். ட்ரைஹெக்சிபெனிடில், அமிட்ரிப்டிலின் கிட்டத்தில் இருப்பதைப் பார்க்கும் பார்வையை மங்கச் செய்யலாம். வேறு வழியில்லாவிட்டால் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் பக்கவிளைவின் விலை இவருக்கு அதிகம் என்பது தெரிந்தால் மருந்தின் அளவையோ வகையையோ மாற்ற முடியும்.

கவுன்சிலிங் 8 முதல் 12 அமர்வு வரை போகலாம். முதல் இரண்டும் பழகுவதற்கே சரியாக இருக்கும், அவசரப்பட வேண்டாம். சோர்வுக்கு ஏற்றது, செயல்களை ஒவ்வொன்றாக மீட்டெடுக்கும் முறை. வாரத்தின் ஏழு நாளையும் கட்டம் போட்டு, குளியல், நடை, தோழிக்கு ஒரு வீடியோ கால் என்று படமாக ஒட்டி, ஒவ்வொன்றுக்கும் பிறகு மனநிலைக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் போடச் செய்வார்கள். உவமையிலும் பழமொழியிலும் பேசாமல் நடந்த நிகழ்ச்சியையே எடுத்துப் பேசினால் நன்றாகப் போகும். மூச்சுப்பயிற்சியின்போது கண்ணை மூடச் சொன்னால் அவரை உலகத்திலிருந்தே துண்டித்துவிடுவீர்கள். கண் திறந்தபடியே செய்யட்டும்.

வீட்டில் செய்ய வேண்டியது: சாப்பிடும்போது எல்லோரும் சிரிக்கும் நேரத்தில் அவர் "என்ன?" என்று கேட்டால், "ஒண்ணுமில்ல, அப்புறம் சொல்றேன்" என்று எத்தனை வருடமாகச் சொல்லி வருகிறீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். அந்த ஒதுக்கல் மட்டுமே ஒருவரை நோகடிக்கப் போதும். இந்திய சைகை மொழி அகராதி வீடியோவாக இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. தினமும் ஐந்து சைகை கற்றுக்கொள்ளுங்கள், அவரையே கற்றுத்தரச் சொல்லுங்கள்.

சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. பூச்சிமருந்தை வீட்டிலிருந்து அகற்றுங்கள், மாத்திரை டப்பா உங்களிடமே இருக்கட்டும். சந்தேகம் இருந்தால் அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மனஸின் 14416 எண்ணில் தமிழிலேயே பேசி, அவருக்காக நீங்கள் வழிகேட்கலாம். ஆபத்து என்று பட்டால் உடனே அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்கே கைகளைக் கட்ட வேண்டாம் என்று முதலிலேயே சொல்லுங்கள், கட்டினால் அவரால் எதையும் சொல்ல முடியாது. ட்ரிப்ஸ் ஊசியை, அவர் அதிகம் சைகை செய்யாத கையில் போடச் சொல்லுங்கள். ராத்திரி படுக்கைப் பக்கம் ஒரு விளக்கு எரியட்டும்.