எதிர்த்துக் கேட்கும் தோழன் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

உங்கள் உரை ஒன்றில் ஹைம் போட்டாக்கின் ‘தி சோசன்’ நாவலைப் பற்றிச் சொல்லியிருந்தீர்கள். தேடி வாங்கிப் படித்தேன். பேஸ்பால் ஆட்டத்தில் டேனி அடித்த பந்து ரூவனின் கண்ணாடியை உடைத்துக் கண்ணைக் காயப்படுத்துவதும், மருத்துவமனையில் அந்தப் பகை நட்பாக மாறுவதும் என்னை அப்படியே பிடித்துக்கொண்டன. ஆனால் எனக்கு இரண்டு மனக்குறைகள்.

முதலாவது, நாவல் நெடுகிலும் யூதர்களின் சட்டநூலான தால்மூத் பற்றிய விவாதங்கள். யூதரல்லாத வாசகருக்கு இவை எதற்கு? பல பக்கங்களைத் தள்ளிவிட்டுத்தான் படித்தேன். இரண்டாவது, டேனியின் தந்தையும் யூத சமய குருவுமான ரெப் சாண்டர்ஸ் பெற்ற மகனோடு ஆண்டுக்கணக்கில் பேசாமல் இருக்கிறார். மகனுக்கு இரக்கத்தைக் கற்பிக்க அப்படிச் செய்ததாகக் கடைசியில் சொல்கிறார். எல்லோரும் அழுகிறார்கள், எல்லாம் சரியாகிவிடுகிறது. ஒரு குழந்தைக்கு இழைத்த கொடுமைக்கு ஆசிரியர் ஆன்மிக நியாயம் கற்பிக்கிறார் என்றே எனக்குப் படுகிறது. உங்கள் கருத்து என்ன?

எம்.

அன்புள்ள எம்.,

நீங்கள் தள்ளிவிட்ட பக்கங்களில்தான் உங்கள் இரண்டாவது கேள்விக்கான விடையும் இருக்கிறது. ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ரெப் சாண்டர்ஸின் மௌனத்துக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. தால்மூத் படிக்கும்போது அவர் மகனோடு பேசுவார். சாப்பாட்டைப் பற்றியோ பள்ளியைப் பற்றியோ ஒரு சொல் பேசாதவர், நூலைத் திறந்துவிட்டால் குரலை உயர்த்தி வாதிடுவார், மேசையில் தட்டுவார், மகனை மடக்கப் பார்ப்பார். சனிக்கிழமை மாலையில் தன் சபையார் அனைவர் முன்னிலையிலும் பிரசங்கம் செய்யும்போது, எழுத்துகளின் எண்மதிப்பைக் கூட்டிப் பொருள் சொல்லும் இடத்தில் வேண்டுமென்றே ஒரு தவறைச் செய்வார். டேனி அதைக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். முதல்முறை பார்க்கும் ரூவனுக்கு அது மகனைப் பலர் நடுவில் நிறுத்தி வதைப்பதாகவே தோன்றுகிறது. பிறகுதான் ஒன்றைக் கவனிக்கிறான்: மகனிடம் தோற்கும்போது அந்த முதியவரின் முகம் மலர்ந்துவிடுகிறது. நாவலில் தந்தையும் மகனும் ஒருவரையொருவர் நெருங்குவது இந்த விவாதங்களில் மட்டுமே. அவற்றை விட்டுவிட்டுப் படித்தால் ரெப் சாண்டர்ஸ் வெறும் கல்லாகத்தான் தெரிவார்.

தால்மூதின் அமைப்பைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் இது இன்னும் துலங்கும். கி.பி. 200 வாக்கில் மிஷ்னா என்ற சட்டத்தொகை உருவானது. அதன் வரிகளை எடுத்துக்கொண்டு பாலஸ்தீனத்திலும் பாபிலோனியாவிலும் அறிஞர்கள் பல தலைமுறைகளாக விவாதித்தார்கள். அந்த விவாதமே நூலானது. தோற்றுப்போன கருத்தும், சொன்னவரின் பெயரோடு, அதில் பத்திரமாக இருக்கிறது. 1520-களில் வெனிஸில் அச்சான பதிப்பிலிருந்து பக்க அமைப்பும் மாறவில்லை. நடுவில் மூலம், உள்ஓரத்தில் பதினோராம் நூற்றாண்டு ராஷியின் உரை, வெளிஓரத்தில் ராஷியோடு முரண்படும் அவருடைய பேரன்மார் காலத்து உரைகள். தாத்தாவை மறுக்கும் பேரனுக்கும் அதே பக்கத்தில் இடமுண்டு.

இந்த நூலைத் தனியாகப் படிப்பது வழக்கமில்லை. இருவர் எதிரெதிரே அமர்ந்து, ஒருவர் சொல்வதை மற்றவர் எதிர்த்துக் கேட்டுப் படிப்பார்கள். அந்த இணைக்கு ஹவ்ரூதா என்று பெயர். இதைப் பற்றித் தால்மூதிலேயே ஒரு கதை இருக்கிறது. எனக்கு மிகப் பிடித்தது. ரப்பி, அதாவது யூத சமய குரு, யோஹனான் பேரறிஞர். ரேஷ் லாகிஷ் கொள்ளைக்காரனாக இருந்து அவரால் கல்விக்குத் திரும்பியவர். இருவரும் இணைபிரியாமல் படித்தார்கள். ஒருநாள் வாளும் கத்தியும் எந்தக் கட்டத்தில் முழுமையடைந்த பொருளாகின்றன என்று ஒரு சட்டவிவாதம். வாக்குவாதம் முற்றி, கொள்ளைக்காரனுக்குத் தன் தொழில் தெரியும் என்று யோஹனான் சொல்லிவிட்டார். அந்தச் சொல் தைத்து, ரேஷ் லாகிஷ் நோயில் விழுந்து இறந்துபோனார். துயரத்தில் கிடந்த யோஹனானுக்கு வேறோர் அறிஞரை இணையாக அனுப்பினார்கள். அவர் யோஹனான் எதைச் சொன்னாலும், உங்கள் கூற்றுக்கு இதோ ஒரு சான்று என்று எடுத்துக் கொடுத்தார். யோஹனான் வெகுண்டார். நான் சொல்வது சரி என்று எனக்கே தெரியாதா? ரேஷ் லாகிஷ் 24 ஆட்சேபங்களை எழுப்புவான், நான் 24 விடைகளைச் சொல்வேன், அப்படித்தான் சட்டம் விரிந்தது என்று சொல்லி, ஆடையைக் கிழித்துக்கொண்டு நண்பனின் பெயரைக் கூவி அலைந்து, சித்தம் கலங்கி இறந்தார்.

டேனிக்கும் ரூவனுக்கும் இடையிலான நட்பை நான் இந்தக் கதையின் வெளிச்சத்தில்தான் வாசிக்கிறேன். இருவருமே புரூக்ளினின் வில்லியம்ஸ்பர்க்கில் வளர்ந்த வைதிக யூதப் பையன்கள். ஆனால் டேனி, ஹசிதியம் என்ற யூத பக்திப் பிரிவின் குருபீடத்துக்கு வாரிசு. ரூவனின் தந்தை டேவிட் மால்ட்டர் சுவடிகளை ஒப்பிட்டு, பாடபேதம் பார்த்து, தால்மூதின் வாசகத்தையே திருத்திப் படிக்கும் ஆய்வாளர். டேனி நூலகத்தில் ஒளிந்து ஃபிராய்டைப் படிப்பதை எல்லா விமர்சகர்களும் எழுதுகிறார்கள். அதே அளவு ஆபத்தான இன்னொரு படிப்பு ரூவனின் வீட்டில் வெளிப்படையாக நடக்கிறது என்பதைப் போதிய அளவு எழுதவில்லை என்பது என் ஆதங்கம்.

கல்லூரியில் தால்மூத் ஆசிரியர் ராவ் கெர்ஷன்சனின் வகுப்பு வரும் இடத்தை மீண்டும் எடுத்துப் படியுங்கள். மிகக் கடினமான ஒரு பகுதியை ரூவன் நாட்கணக்கில் நின்று விளக்குகிறான். ஓரிடத்தில் எந்த உரையைக் கொண்டும் முடிச்சு அவிழவில்லை. ஆசிரியரும் தனக்குத் தெளிவாகவில்லை என்று ஒப்புக்கொள்கிறார். பிறகு ரூவனைத் தனியாக அழைத்து, உன் தந்தை இதை எப்படி விளக்குவார் என்று கேட்கிறார். ரூவன் பாடத்தைத் திருத்தி விளக்கிக் காட்டுகிறான், முடிச்சு அவிழ்கிறது. அவர் மெச்சுகிறார், கூடவே இந்த முறையை என் வகுப்பில் ஒருபோதும் பயன்படுத்தாதே என்கிறார். ரூவன் நேராக நூலகத்துக்குப் போய் அட்டவணையில் அவர் பெயரைத் தேடுகிறான். இவ்வளவு பெரிய அறிஞரின் பெயரில் ஒரு கட்டுரைகூட இல்லை. தன் தந்தை ஏன் அந்தக் கல்லூரியில் பாடம் நடத்தவில்லை என்பது அப்போது அவனுக்குப் புரிகிறது. போட்டாக் அதற்குமேல் ஒரு வரிகூட விளக்கவில்லை. வாழ்நாள் முழுக்க எழுதாமலே இருந்துவிட்ட ஒரு மேதையின் கதை அந்த வெற்று அட்டவணையில் இருக்கிறது. மௌனத்துக்கு விலை கொடுத்தவன் டேனி மட்டும்தானா, சொல்லுங்கள்.

போட்டாக்குக்கு இது கேட்டறிந்த விஷயமல்ல. 1929-இல் நியூயார்க்கில், போலந்திலிருந்து வந்த வைதிகக் குடும்பத்தில் பிறந்தவர். பாடஆய்வை ஏற்றுக்கொண்ட, யூத சமயத்தின் கன்சர்வேட்டிவ் பிரிவின் இறையியல் கல்லூரியில் படித்து 1954-இல் ரப்பி ஆனார். ரூவன் நிற்கும் அந்த வாசலைக் கடந்து வந்தவர் அவர்.

இனி மௌனத்துக்கு வருகிறேன். அது கொடுமை. இதில் உங்களோடு எனக்கு எந்த வேறுபாடும் இல்லை. ஆனால் நாவல் அதை நியாயப்படுத்துகிறது என்பதை ஏற்க மாட்டேன். ரெப் சாண்டர்ஸ் சொல்லும் காரணத்தை நினைத்துப் பாருங்கள். நான்கு வயதில் டேனி ஒரு கதைநூலைப் படித்துவிட்டு, அதில் துன்பப்படும் மனிதனுக்காகக் கொஞ்சமும் இரங்காமல், வரி பிசகாமல் ஒப்பிக்கிறான், தன் நினைவாற்றலில் மகிழ்கிறான். தந்தை நடுங்கிப்போகிறார். இதே போன்ற கூரிய அறிவும் குளிர்ந்த நெஞ்சும் கொண்ட அண்ணன் அவருக்கு இருந்தார். சமயத்தை விட்டு விலகிப் போன அவர் நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் இறந்தார். வலியை உணராத அறிவை ரெப் சாண்டர்ஸ் அஞ்சியது பொய்யில்லை. அவர் தேர்ந்த மருந்துதான் கொடியது. அதுவும் அவருடைய கண்டுபிடிப்பில்லை, அவரை அவருடைய தந்தை வளர்த்த விதம்.

நாவலுக்குள்ளேயே இதைக் கண்டிக்கும் குரல் உண்டு. டேவிட் மால்ட்டர் அந்த வளர்ப்புமுறையை அறிந்து கசப்படைகிறார், ஒரு ஆன்மாவுக்குக் கொடுக்கும் விலையா இது என்று மனம் வெதும்புகிறார். அவர் ரெப் சாண்டர்ஸை மதிப்பவர். ஹசிதியம் எந்தத் துயரத்திலிருந்து பிறந்தது என்று 1648-இல் உக்ரைனில் நடந்த யூதப் படுகொலைகளிலிருந்து தொடங்கி மகனுக்கு எடுத்துச் சொல்பவரும் அவர்தான். மதிப்பும் கண்டனமும் ஒரே மனிதரிடம் இருப்பதால்தான் அந்தக் கண்டனத்துக்கு எடை கூடுகிறது. ரூவனுக்கும் மௌனத்தின் சுவை காட்டப்படுகிறது. மால்ட்டர் யூத நாட்டுக்காக மேடையேறிப் பேசியதும், மெசியா வருவதற்கு முன் மனிதர் நாடு அமைப்பது தெய்வநிந்தை என்று கருதும் ரெப் சாண்டர்ஸ், ரூவனோடு பேசக்கூடாது என்று டேனிக்குத் தடைபோடுகிறார். ஓராண்டுக்கும் மேல் ஒரே கல்லூரியின் தாழ்வாரங்களில் இருவரும் ஊமைகளாக எதிர்ப்படுகிறார்கள். ரூவன் கொதித்துப் போகிறான். அந்தக் கொதிப்பை நாவல் எங்கும் தணித்துக் காட்டவில்லை.

இறுதிக் காட்சியில் எல்லாம் சரியாகிவிடுகிறது என்கிறீர்கள். அப்போதும் கடைசிச் சில சொற்கள்வரை தந்தை நேரடியாக மகனிடம் பேசவில்லை. ரூவனைப் பார்த்துக்கொண்டு, ரூவன் வழியாக மகனிடம் பேசுகிறார். ஹவ்ரூதா இல்லாமல் அவரால் மகனிடம் போய்ச் சேர முடியவில்லை. தன்னைவிட அறிவுள்ள தந்தை வேறுவிதமாகச் செய்திருக்கக்கூடும் என்று சொல்லி மன்னிப்புக் கேட்கிறார். தலைமுறைகளாக வந்த குருபீடத்துக்கு அந்த மகனை இழக்கிறார். நியாயப்படுத்த நினைக்கும் ஆசிரியர் அந்தப் பாத்திரத்தை மன்னிப்புக் கேட்க வைக்க மாட்டார்.

என்னை உண்மையில் தொந்தரவு செய்வது அதற்குப் பிறகு வரும் இடம். உன் மகனையும் மௌனத்தில்தான் வளர்ப்பாயா என்று டேவிட் மால்ட்டர் கேட்கும்போது, வேறு வழி தெரியாவிட்டால் ஆம் என்கிறான் டேனி. தாடியையும் காதோரச் சுருளையும் மழித்துவிட்டு, உளவியல் படிக்கக் கொலம்பியாவுக்குப் போகிறவன் சொல்லும் விடை இது. இந்தக் கேள்வியைப் போட்டாக் இங்கே விட்டுவிடவும் இல்லை. 1969-இல் வந்த தொடர்ச்சியான ‘தி பிராமிஸ்’ நாவலில் டேனி உளவியலாளன். மனம் சிதைந்த மைக்கேல் என்ற சிறுவனுக்குச் சிகிச்சையாக, அவனைத் தனிமையிலும் பேச்சில்லாமையிலும் வைக்கிறான். தந்தையிடமிருந்து வந்த ஆயுதம் மகன் கையில் மருத்துவக் கருவியாக வருகிறது. அது சிகிச்சையா, வாங்கிய அடியைத் திருப்பிக் கொடுப்பதா என்று எனக்கு ஒரு கருத்து உண்டு. அதை இப்போது சொன்னால் உங்கள் வாசிப்பில் குறுக்கிட்டதாகும். ரூவனின் பாடஆய்வும் அந்த நாவலில் கடும் சோதனைக்கு உள்ளாகிறது. இந்தமுறை தால்மூத் பக்கங்களைத் தள்ளாமல் படித்துவிட்டு எழுதுங்கள். என்னோடு உடன்படாவிட்டால் கட்டாயம் எழுதுங்கள்.

அன்புடன்.