கடற்கரை ஊரில் நிற்கும் பழைய மாருதி 800-இன் துருவையும் சொட்டையையும் வீட்டிலேயே சரி செய்ய முடியுமா?

முடியும். நான் இரண்டு தடவை செய்திருக்கிறேன். முதல் தடவை தப்பாக.

கீழக்கரை, 2004 மாடல், கதவு அடியிலும் டிக்கியிலும் துரு, முன் ஃபெண்டரில் சொட்டை, டிங்கரிங் கடையில் 35,000 ரூபாய் கேட்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். ஏறக்குறைய என் வண்டியின் ஜாதகமேதான். என்னுடையது 2002, உச்சிப்புளியில் நிற்கிறது. எனக்கு முன்னால் அதை வைத்திருந்த மாமா, டிக்கியில் ஐஸ் பெட்டி வைத்து மண்டபத்திலிருந்து நண்டு ஏற்றியவர். உருகி வழிந்த தண்ணீர் ஸ்டெப்னிக் குழியில் தேங்கித் தேங்கி, ஒரு நாள் டயரைத் தூக்கினால் கீழே மண்தரை தெரிந்தது.

முதல் தடவை பங்குனியில் ஆரம்பித்தேன். உப்புத்தாள் போட்டுத் தகரம் பளபளக்கும் வரை தேய்த்து, போர் தண்ணீரில் கழுவி, காயவைத்து, பிரைமர், பட்டி (பள்ளத்தை நிரப்பும் பசை), பெயிண்ட் எல்லாம் முறைப்படிதான் அடித்தேன். பார்த்தவர்கள் கடையில் கொடுத்தீர்களா என்று கேட்டார்கள். ஐப்பசி மழை தொடங்கியதும் கதவின் அடியில் கடுகு கடுகாகக் கொப்புளம். கார்த்திகையில் அது மிளகானது. பழைய டிங்கரிங் மேஸ்திரி ஒருவரிடம் காட்டினேன். நகத்தால் ஒரு கொப்புளத்தைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, "துருவை எடுத்துட்டீங்க தம்பி, உப்பை உள்ள வெச்சுப் பூசிட்டீங்க" என்றார்.

வீட்டுக் கல்லுப்பு ஜாடி வாடைக்காற்று நாளில் நசநசவென்று ஆகிறதல்லவா? கடல் உப்பில் சோடியம் குளோரைடோடு மக்னீசியம் குளோரைடும் உண்டு. அது, காற்று ஓரளவு காய்ந்திருக்கும்போதுகூட ஈரத்தை இழுத்துக்கொள்ளும். துரு பிடித்த தகரத்தில் கண்ணுக்குத் தெரியாத குழிகள் இருக்கும். உப்பு அதற்குள் போய் உட்கார்ந்துவிடும். மேலே பெயிண்ட் அடித்தாலும், அந்த உப்பு பெயிண்ட் வழியாகவே ஈரத்தை உறிஞ்சி, உள்ளேயே துருவை வளர்க்கும். துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடம் கேட்கும். அதனால்தான் பெயிண்ட் மேலே தள்ளப்பட்டுக் கொப்பளிக்கிறது. போதாததற்கு நான் கழுவிய போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உவர்ப்பு. உப்பை எடுக்க உப்புத் தண்ணீர்!

ஆகவே இரண்டாம் தடவை வேலையின் பெரும்பகுதி கழுவுவதுதான். வயர் பிரஷ், 80 நம்பர் தாள் போட்டுச் சுரண்டியதும் காவிரித் தண்ணீரில் (கூட்டுக் குடிநீர்த் திட்டக் குழாயில் வருவதைத்தான் சொல்கிறேன்) பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். ஒரு நாள் விட்டுப் பார்த்தால் குழிகளில் கறுப்பாக, ஈரமாகப் புள்ளிகள் தெரியும். உப்பு இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். மறுபடி சுரண்டி மறுபடி கழுவ வேண்டும். எனக்கு நான்கு சுற்று ஆனது. குடிக்கிற தண்ணீரைக் காருக்கு ஊற்றுகிறானே என்று எங்கள் தெருவில் எல்லோரும் திட்டினார்கள், நியாயம்தான். வாளியில் பிடித்துத் துணியை நனைத்துத் துடைத்தால் ஆறேழு குடத்தில் முடியும். மழைத்தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் இன்னும் நல்லது.

கடைசிக் கழுவலுக்குப் பிறகு அவசரம் காட்ட வேண்டும். நல்ல வெயிலில் ஹேர் டிரையர் போட்டு உலர்த்தி, தின்னர் நனைத்த துணியால் துடைத்து, அன்றைக்கே பிரைமர் அடித்துவிடுங்கள். வெறும் தகரத்தை நம் ஊர்க் காற்றில் ஒரு ராத்திரி விட்டால் காலையில் மஞ்சள் பூத்திருக்கும். இரண்டு டப்பாவாக வரும் எபாக்சி பிரைமர் வாங்குங்கள். ரெட் ஆக்சைடு பிரைமர் மலிவுதான், ஆனால் அதன்மேல் பட்டி வைத்தால் சில சமயம் சுருங்கித் தூக்கிக்கொள்ளும்.

பட்டி விஷயத்தில் கடைக்காரர்களோடு எனக்குச் சண்டை உண்டு. வெறும் தகரத்தின் மேலேயே பட்டியை அப்புகிறார்கள். பட்டி தண்ணீர் உறிஞ்சும் சாமான். எபாக்சி காய்ந்த பிறகு, அதை லேசாகத் தேய்த்து அதன்மேல் வைப்பதுதான் கடற்கரைக்குச் சரி. எலுமிச்சம்பழ அளவு பட்டிக்கு ஒரு பட்டாணி அளவு ஹார்ட்னர் (பட்டியை இறுக வைக்கும் பசை). வெயிலில் கலந்தால் சில நிமிடத்தில் கல்லாகிவிடும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள். மொத்தக் கனம் 3 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. தாண்டுகிறதென்றால் சொட்டையைச் சரியாக எடுக்கவில்லை.

சரி, சொட்டை. பாத்திரத்துக்கு ஒடுக்கு எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதே கைதான். எல்லோரும் நடுக்குழியில் ஓங்கித் தட்டுவார்கள். தட்டினால் தகரம் விரிந்து, அமுக்கினால் டொக் டொக்கென்று உள்ளேயும் வெளியேயும் போய் வரும். காரின் தகரம் முக்கால் மில்லிமீட்டர்தான். ஃபெண்டரின் உள்பக்கம் கை போகும், அதனால் உங்கள் சொட்டை சுலபம். ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, சின்னச் சின்னத் தட்டாக வாருங்கள். வெளியே தாங்கு கொடுக்க டாலி இல்லையென்றால் மளிகைக்கடைப் பழைய எடைக்கல், 2 கிலோ, போதும். மேடு பள்ளம் கண்ணுக்குத் தெரியாது. கரித்தூளைத் தடவி, கட்டையில் தாள் சுற்றித் தேய்த்தால் பள்ளத்தில் கரி நிற்கும். பிளாஸ்டிக் பம்பர் என்றால் கொதிக்கிற தண்ணீர் ஊற்றி உள்ளேயிருந்து தள்ளினால் பெரும்பாலும் வந்துவிடும்.

ஓட்டை விழுந்த இடத்துக்கு நம் பக்கம் ஒரு பழக்கம் இருக்கிறது. ஃபைபர் வள்ளத்துக்கு ஒட்டுப்போடும் ரெசினும் கண்ணாடி இழை விரிப்பும் வாங்கிவந்து அடைப்பது. என் ஸ்டெப்னிக் குழியை நானும் அப்படித்தான் அடைத்தேன், துருவை வெட்டி எடுத்துவிட்டு. அங்கே பரவாயில்லை. ஆனால் கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பாக்ஸ், சஸ்பென்ஷன் பிடித்திருக்கும் இடம், சீட் பெல்ட் போல்ட் இறங்கும் இடம், இங்கெல்லாம் துரு என்றால் ஃபைபரும் வேண்டாம், பட்டியும் வேண்டாம். வண்டியைத் தாங்குகிற இடங்கள் அவை. ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே போனால் வெல்டரிடம் போய்ப் புதுத் தகரம் வைப்பதுதான் வழி. அந்தப் பணத்தை மிச்சம் பிடிக்க முடியாது.

பெயிண்ட் ஸ்ப்ரே டப்பாவில் அடித்துக்கொள்ளலாம். ஹார்ட்னர் கலந்து அடிக்கும் பி.யு. (பாலியூரித்தேன்) பெயிண்டைக் கைக்குட்டை கட்டிக்கொண்டு வீட்டில் அடிக்காதீர்கள், நுரையீரலுக்கு ஆகாது. பட்டி தேய்க்கும்போதும் முகக்கவசம் வேண்டும். காலம் முக்கியம்: கச்சான் காற்று அடிக்கும் ஆனி, ஆடியில் மணலும் உப்பும் சேர்ந்து பெயிண்டில் படியும், ஐப்பசி, கார்த்திகையில் ஈரம். மாசி, பங்குனிதான் எனக்குச் சரிப்பட்டது. அதுவும் பனி காய்ந்த பிறகு, காலை 10 மணிக்கு மேல்.

அப்புறம், கதவின் அடிவிளிம்பில் தண்ணீர் வடிய சின்னத் துளைகள் இருக்கும். துரு அங்கேதான் பிறக்கிறது. ஹேர்பின்னால் குத்தி மண்ணை எடுத்துவிட்டு, பெயிண்ட் காய்ந்ததும் உள்ளே வேக்ஸ் ஸ்ப்ரே விடுங்கள். துளையை மட்டும் அடைத்துவிடாதீர்கள். வண்டியின் அடியில் கழிவு ஆயில் பூசச் சொல்வார்கள். சஸ்பென்ஷனில் இருக்கும் புஷ் ரப்பர் ஊறிக் கெடும். அந்தக் காலத்தில் வள்ளத்துப் பலகைக்குப் பூசுகிற மீன் எண்ணெயைப் பூசிப் பார்க்கச் சொன்னார் என் மாமா. பூசினேன். ஒரு வாரம் தெருப் பூனைகள் காரடியை விட்டு நகரவில்லை.

பாம்பன் பழைய ரயில் பாலத்தைப் பாருங்கள், 1914-இல் கட்டியது, அரிப்பால் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்த வேண்டியதாயிற்று. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்கு அரிப்பைத் தடுக்கும் பாலிசிலாக்ஸேன் பூச்சும் துருப்பிடிக்காத கம்பியும் போட்டிருக்கிறார்கள். நமக்கு அந்த வசதி இல்லை. தனுஷ்கோடி அரிச்சல்முனை போய்வந்த அன்றைக்கே நல்ல தண்ணீரில் வண்டியின் அடிப்பக்கத்தையும் சக்கரத்துக்கு மேல் இருக்கும் வளைவையும் கழுவிவிடுவேன். நம்மால் முடிந்தது அதுதான்.

செலவு எனக்கு வெல்டிங் சேர்த்து 9,000 சொச்சம், ஞாயிறு ஞாயிறாக இரண்டு மாதம். மூன்று மழை பார்த்துவிட்டது. இந்த வருடம் வலது பின்சக்கர வளைவில் ஒரே ஒரு கொப்புளம் கிளம்பியிருக்கிறது. மாசி வரட்டும் என்று கிரீஸ் தடவி வைத்திருக்கிறேன்.