முறை மாற்ற ஓர் ஆள்

அன்புள்ள ஐயா,

ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். சென்ற மாதம் என் தங்கைக்குத் திருமணம். விடுப்பு கிடைக்க வேண்டும் என்பதற்காக அதற்கு முன் இரண்டு நாட்கள் அடுத்தடுத்து இரண்டு ஷிப்ட் பார்த்தேன். இரண்டாம் நாள் இரவே ராயக்கோட்டை வழியாக வண்டியில் ஊருக்கு வந்து மண்டபம், சமையல், பந்தல் என்று அலைந்தேன். யாரையும் நம்பி ஒப்படைக்க முடியாது, எல்லாவற்றையும் நானே பார்த்தேன். நான்காம் நாள் மாலை சீர்வரிசைப் பொருட்களை வேனில் ஏற்றி நானே ஓமலூர்வரை ஓட்டிக்கொண்டு போய் இறக்கினேன். சித்தப்பா பிள்ளைகள் இருவர் உடன் வந்தார்கள். நான்கு நாட்களும் கண் மூடவில்லை. டீயும் காபியுமாகச் சமாளித்தேன். மூன்றாம் நாள் இரவு சுவரில் பூச்சிகள் ஊர்வதுபோலத் தெரிந்தது. யாரோ பின்னாலிருந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஆனால் கடைசிவரை நான் நன்றாகத்தான் இருந்தேன். பிறகு ஒரு நாள் முழுக்கத் தூங்கினேன், எல்லாம் சரியாகிவிட்டது.

அமெரிக்காவில் ஒரு மாணவர் பதினோரு நாட்கள் தூங்காமல் இருந்து எந்தப் பாதிப்பும் இல்லாமல் மீண்டார் என்று படித்தேன். லட்சுமணன் பதினான்கு ஆண்டுகள் உறங்கவில்லை என்கிறார்கள். அப்படியானால் தூக்கத்தைப் பற்றிய பயமெல்லாம் மிகைதானா? பழகிக்கொண்டால் நான்கு மணி நேரத் தூக்கம் போதுமா? நான் கேட்ட குரலுக்கு ஏதாவது பொருள் உண்டா?

பெயரை வெளியிட வேண்டாம்.

ம., பாலக்கோடு

*

அன்புள்ள ம.,

உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் அதிலுள்ள ஒரு வரி. "கடைசிவரை நான் நன்றாகத்தான் இருந்தேன்." இதே வரியை என் தாய்மாமா வாயால் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கேட்டிருக்கிறேன். போன கார்த்திகையில் அவர் இறந்துபோனார். அன்றிலிருந்து ஓர் இரவு என் நினைவில் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது.

சிறிய கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். உங்களைக் கூப்பிட்ட குரலுக்கு ஒரு பொருளும் இல்லை. குலதெய்வமும் கூப்பிடவில்லை, இறந்துபோன தாத்தாவும் கூப்பிடவில்லை. இரண்டு மூன்று நாட்கள் தூங்காத மூளை இல்லாததைப் பார்க்கும், இல்லாததைக் கேட்கும். லட்சுமணனை விட்டுவிடுங்கள். அண்ணன்மேல் வைத்த அன்புக்கு எல்லையில்லை என்று சொல்ல வந்த கதை அது. அதை எடுத்து உடம்புக்கு அளவுகோலாக வைக்கக் கூடாது. நான்கு மணி நேரத் தூக்கம் பழகிவிடுமா என்றால், பழகாது. பழகிவிட்டதுபோலத் தோன்றும். அமெரிக்காவில் 2003இல் வெளியான ஓர் ஆய்வில், இரண்டு வாரம் தினமும் ஆறு மணி நேரம் மட்டுமே தூங்கியவர்களின் கவனம், இரண்டு இரவு அறவே தூங்காதவர்களின் அளவுக்கு இறங்கியிருந்தது. அவர்களைக் கேட்டால் கொஞ்சம் அசதி, அவ்வளவுதான் என்றார்கள். ஆறு மணி நேரத்துக்கே அந்தக் கதி.

டீயும் காபியும் தூக்கத்தைப் போக்குவதில்லை. நாம் விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. கண்ணை இழுக்கும் அந்தக் கனத்தில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. காஃபீன், அது போய் உட்கார வேண்டிய இடத்தில் தான் உட்கார்ந்துகொள்கிறது. சேர்ந்தது சேர்ந்தபடியே இருக்கிறது. கடன் கொடுத்தவன் வாசலில்தான் நிற்கிறான், நீங்கள் கதவை மட்டும் சாத்தி வைத்திருக்கிறீர்கள்.

இனி அந்த மாணவர். ராண்டி கார்ட்னர், சான் டியேகோ நகரத்துப் பையன், வயது 17. பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக 1963 டிசம்பரில் தொடங்கி 1964 ஜனவரிவரை 264 மணி நேரம் விழித்திருந்தார். ஸ்டான்ஃபோர்டிலிருந்து தூக்க ஆய்வாளர் வில்லியம் டிமென்ட் வந்து உடன் இருந்தார். கடைசி இரவில் அந்தப் பையன் டிமென்டை விளையாட்டில் தோற்கடித்தார், செய்தியாளர்களிடம் தெளிவாகப் பேசினார், பிறகு பதினான்கு மணி நேரத்துக்கு மேல் தூங்கி எழுந்தார். நீங்கள் படித்தது இந்தப் பாதியை. மறுபாதியையும் படியுங்கள். நான்காம் நாள் தெருப்பலகை ஒன்று அவருக்கு மனிதனாகத் தெரிந்தது. பதினோராம் நாள், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வரச் சொன்னார்கள். 93, 86, 79, 72, 65. அங்கே நின்றுவிட்டார். ஏன் நிறுத்தினாய் என்று கேட்டதற்கு, என்ன செய்துகொண்டிருந்தேன் என்பது மறந்துவிட்டது என்றார். பிற்காலத்தில் ஆண்டுக்கணக்கில் தூக்கம் வராமல் துன்பப்பட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். அந்தப் பதினோரு நாட்கள்தான் காரணம் என்று நிறுவ முடியாதுதான். ஆனால் "எந்தப் பாதிப்பும் இல்லாமல்" என்று எழுதும் உரிமை உங்களுக்கும் எனக்கும் இல்லை. கின்னஸ் நிறுவனம் இந்த வகைச் சாதனையைக் கணக்கில் எடுப்பதையே நிறுத்திவிட்டது.

அந்தக் கதையில் என்னை மிகவும் தொட்டது வேறொன்று. ராண்டியைக் கவனித்துக் குறிப்பெடுக்க அவருடைய பள்ளித் தோழன் ஒருவனும் கூடவே விழித்திருக்க முயன்றான். மூன்று இரவு கழித்து, சுவரில் சாய்ந்தபடி, குறிப்பேட்டில் எழுதுவதாக நினைத்துச் சுவரிலேயே எழுதிக்கொண்டிருந்தான். அதன் பிறகுதான் இன்னொரு நண்பனையும் சேர்த்துக்கொண்டு முறை வைத்துக்கொண்டார்கள். அந்தப் பையன்களுக்கு மூன்று இரவில் புரிந்தது என் மாமாவுக்குக் கடைசிவரை புரியவில்லை.

மாமாவுக்குத் தேன்கனிக்கோட்டைப் பக்கம், காட்டை ஒட்டி மூன்று ஏக்கர் மானாவாரி நிலம். ராகி, ஊடே வரிசைக்கு வரிசை அவரை. ராகி முற்றுகிற பருவத்தில் பன்னேருகட்டா பக்கமிருந்து யானைக் கூட்டங்கள் நம் காடுகளுக்குள் இறங்கிவிடும். கதிர் அறுத்துக் களம் சேரும்வரை பரணில் காவல். மாமாவும் பக்கத்து நிலத்துக்காரரும் ஒரே பரணில் இருப்பார்கள். ஒருவர் விழித்திருக்கும்போது மற்றவர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு தூங்குவார். அந்த வருடம் பக்கத்து நிலத்துக்காரர் முன்னமே அறுத்துவிட்டு, மனைவியின் பிரசவத்துக்கு ஆனேக்கல் போய்விட்டார். வேறு ஆளைத் துணைக்கு வைத்துக்கொள் என்றாள் பாட்டி. "நான்கு ராத்திரிதானே, நானே பார்த்துக்கொள்கிறேன்" என்றார் மாமா. பகலில் கூலிக்கு அறுவடை, இரவில் பரண்.

நான்காம் இரவு என்னையும் கூட்டிப்போனார். எனக்குப் பன்னிரண்டு வயது. வழியிலேயே கதை சொல்ல ஆரம்பித்து, பாதியில் விட்டு, மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார். நிலத்தின் கிழக்கு மூலையில் ஒரு பாறை உண்டு, அவர் பிறப்பதற்கு முன்பிருந்தே இருக்கிற பாறை. அதைக் காட்டி, "ஒற்றை யானை நிற்கிறது பார்" என்று மெல்லச் சொன்னார். டார்ச் அடித்துப் பார்த்த பிறகும் அவருக்குச் சமாதானம் ஆகவில்லை. நான் எப்போது கண்ணயர்ந்தேன் என்று தெரியவில்லை. பயிர் பிடுங்கும் ஓசையில் விழித்தேன். யானை ராகியைக் கொத்தாகப் பிடுங்கி, வேர்மண் உதிர முன்காலில் தட்டிவிட்டுத்தான் வாயில் போடும். இருட்டில் அந்தத் தட்டும் ஓசை மூன்று நான்கு இடங்களிலிருந்து வந்தது. மாமா உட்கார்ந்திருந்தார். கண் திறந்திருந்தது. வலது கையில் இருந்த பீடி விரல்வரை எரிந்து, தோல் பொசுங்கும் நாற்றம் எனக்கு வந்தது. அவர் விரல் அசையவில்லை.

பீடியைத் தட்டிவிட்டு உலுக்கினேன். "வெடி போட்டுவிட்டேனே, எல்லாம் ஓடிவிட்டன" என்றார். வெடிக்கட்டு பிரிக்காமல் என் மடியில் இருந்தது. அதை எடுத்துக் காட்டினேன். என்னை அறைந்தார். என்மீது ஒருநாளும் கை ஓங்காத மனிதர் அவர். "நான் போட்டேன், நீ தூங்கிக்கொண்டிருந்தாய்" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கப் போனார், அந்த யானைகளுக்கு நடுவே. அவர் இடுப்புத் துண்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் தகர டப்பாவை அடித்துக் கத்தினேன். அடுத்த பரண்களிலிருந்து பந்தத்தோடு ஆட்கள் வந்தார்கள். பாதி நிலம் போய்விட்டது.

அந்த இரவு தான் கண்ணயரவே இல்லை என்று மாமா சாகும்வரை சாதித்தார். அவர் பொய் சொல்லவில்லை, ம. அதுதான் எனக்குப் பயம் தருகிறது. பல நாள் தூங்காத மூளை நம்மிடம் அனுமதி கேட்டுவிட்டுத் தூங்குவதில்லை; சில நொடிகள், கண் திறந்திருக்கும்போதே, அணைந்து எரிகிறது. அணைந்தது அதற்குத் தெரியாது. குடித்தவனுக்காவது குடித்தோம் என்ற நினைவு இருக்கும். 1997இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் அளந்து பார்த்தார்கள்: 24 மணி நேரம் விழித்திருந்தவனின் கையும் கண்ணும் இயங்கிய விதம், ரத்தத்தில் 100 மில்லிக்கு ஏறத்தாழ 100 மில்லிகிராம் மது இருப்பவனுடையதைப்போல இருந்தது. நம் சட்டம் வாகனம் ஓட்டுபவருக்கு 30 மில்லிகிராம்வரைதான் விடுகிறது. இது ஒரே ஒரு நாள் விழிப்புக்கு. உங்களுடையது நான்கு.

நீங்கள் அந்த நிலையில் வேன் ஓட்டியிருக்கிறீர்கள். பாலக்கோட்டிலிருந்து ஓமலூருக்கு என்றால் தொப்பூர் கணவாய் வழியாகத்தானே? அந்த இறக்கத்தில், அந்த இரட்டைப் பாலத்தில், எத்தனை குடும்பங்கள் அழிந்திருக்கின்றன என்று தருமபுரிக்காரரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? அறுபது கிலோமீட்டர் வேகத்தில் மூன்று நொடி கண் அணைந்தால் வண்டி ஐம்பது மீட்டர் தானாகப் போகும். பின்னால் சித்தப்பா பிள்ளைகள் இருவர். இதைப் பெருமையாக ஒரு வரியில் எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போகிறீர்கள். படித்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. ஒன்றும் ஆகவில்லையே என்று சொல்லாதீர்கள். வழியில் எத்தனை முறை உங்கள் கண் அணைந்தது என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாது. என் மாமாவுக்கும் தெரியாது.

உங்கள் கடிதத்தில் எனக்கு வருத்தம் தந்த இடம் ஒன்று உண்டு. "யாரையும் நம்பி ஒப்படைக்க முடியாது." நம் ஊரில் கண் விழிக்க வேண்டிய வேலைகள் எப்போதும் இருந்திருக்கின்றன. ஏரித் தண்ணீர் பாய்ச்சுவது, களத்தில் நெல்லுக்குக் காவல், பிரசவ வீடு, சாவு வீடு. எதையும் ஒருவர் தலையில் கட்டியதில்லை. தண்ணீருக்கு முறை, காவலுக்கு முறை, பிணத்தின் பக்கத்தில் உட்காருவதற்கும் முறை. கோயில் திடலில் பாரதக் கூத்து பதினெட்டு நாள் நடக்கும். விடிய விடிய ஆடும் கூத்தர்களும் ஒருவர் களத்தில் நிற்கும்போது இன்னொருவர் வேஷத்தோடு திரைக்குப் பின்னால் கண்ணயர்வார். அடுத்த முறைக்காரன் வந்து தோளைத் தொட்டு, "நீ போய்ப் படு" என்று சொல்வான். தூங்காதவன் தன் நிலையைத் தானே அறிய முடியாது. அதனால் அந்தச் சொல் இன்னொருவர் வாயிலிருந்துதான் வர வேண்டும். இன்று பரணில் ஏறும் கிழவர்களுக்கு அதைச் சொல்ல ஆள் இல்லை. பிள்ளைகள் ஓசூரிலும் பெங்களூரிலும் திருப்பூரிலும் ஷிப்டில் நிற்கிறார்கள். அது அவர்கள் தவறல்ல. ஆனால் உங்களுக்குப் பங்காளிகள் இருந்தார்கள், நண்பர்கள் இருந்திருப்பார்கள். சித்தப்பா இருந்தார். பந்தல்காரருக்குப் பணம் எண்ணிக் கொடுக்க உங்களைத் தவிர ஊரில் ஆளே இல்லையா? நீங்கள் கேட்கவே இல்லை. நானில்லாமல் நடக்காது என்ற நினைப்பு அன்பாகத்தான் ஆரம்பிக்கிறது, எனக்குத் தெரியும். தங்கைமேல் உயிரையே வைத்திருக்கிறீர்கள். அந்த உயிரைத் தொப்பூரில் கொண்டுபோய்ப் பணயம் வைத்தால் அவளுக்கு யார் பதில் சொல்வது?

மறுநாள் காலை மாமாவைக் கைத்தாங்கலாக வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். பாட்டி யானையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நிலம் எவ்வளவு போயிற்று என்றும் கேட்கவில்லை. பாயை விரித்து அவரைப் படுக்கவைத்து, வெந்த விரல்களுக்கு வெண்ணெய் தடவினாள். கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு, வந்தவர்களையெல்லாம் வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினாள். பகல் முழுக்க அவர் புரளக்கூட இல்லை. இருட்டியதும் கம்பளியையும் தகர டப்பாவையும் எடுத்துக்கொண்டு அவளே பரணுக்குக் கிளம்பினாள். அவளுக்கு அப்போது அறுபது வயது இருக்கும். கார்த்திகை மீன்கள் தலைக்கு மேல் வரும்வரை தான் இருப்பதாகவும், அதன் பிறகு மேல்வீட்டுக்காரர் மகன் வர வேண்டும் என்றும் தெருவில் நின்று உரக்கச் சொல்லிவிட்டுப் போனாள். அவன் வந்தான். நான் மாமாவின் பக்கத்தில் படுத்துக்கொண்டு அந்தத் தகரச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

தங்கைக்கு என் ஆசிகளைச் சொல்லுங்கள். அவளைப் பார்க்க ஓமலூர் போகும்போது இரவு ஷிப்ட் முடித்த கையோடு வண்டியை எடுக்காதீர்கள். வீட்டில் தூங்கி எழுந்து, பஸ்ஸில் போங்கள்.