ஃபைப்ராய்டு (கர்ப்பப்பைத் தசைக்கட்டி) எடுத்த பிறகு குழந்தை: உங்கள் கேள்விகளுக்கு மருத்துவர் பதில்

கேள்வி: லேப்ராஸ்கோப்பியில் (வயிற்றில் சின்னத் துளைகள் போட்டு) 6 செ.மீ. ஃபைப்ராய்டு எடுத்து இரண்டு மாதம் ஆகிறது. சின்னச் சின்னத் தழும்புகள்தான், வலியே இல்லை. இப்போதே குழந்தைக்கு முயற்சி செய்யலாமா டாக்டர்?

பதில்: கொஞ்சம் பொறுங்கள் அம்மா. வெளித்தழும்பு சின்னதுதான். ஆனால் கர்ப்பப்பைச் சுவரில் போட்ட வெட்டு, கட்டி எவ்வளவு பெரியதோ அதற்கேற்ற வெட்டு. வலி போய்விட்டதை வைத்துத் தசை ஆறிவிட்டது என்று சொல்ல முடியாது. பொதுவாக 3 முதல் 6 மாதம் காத்திருக்கச் சொல்வோம். வெட்டு ஆழமாக இருந்தால் நான் 6 மாதம் என்றுதான் சொல்வேன். அதுவரை கருத்தடை அவசியம். அதிக உதிரப்போக்கால் குறைந்த இரும்புச்சத்தை இந்தச் சமயத்தில் ஏற்றிக்கொள்ளுங்கள். கருத்தரிக்கும் முன் ஒரு மாதமாவது தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிட் எடுக்க வேண்டும்.

கேள்வி: எனக்கு ஹிஸ்டிரோஸ்கோப்பி செய்தார்கள். நானும் ஆறு மாதம் காத்திருக்க வேண்டுமா?

பதில்: பெரும்பாலும் தேவையில்லை. ஹிஸ்டிரோஸ்கோப்பி என்றால் வயிற்றில் வெட்டாமல், பிறப்புறுப்பு வழியாகக் குழாய் விட்டுக் கட்டியை எடுப்பது. உங்கள் கட்டி கர்ப்பப்பையின் உள்ளறைக்குள் துருத்திக்கொண்டிருந்தது. கரு ஒட்டுவதை அதிகம் கெடுப்பது இந்த வகைதான். அதனால் எடுத்ததில் பலனும் அதிகம். இரண்டு மூன்று மாதவிலக்கு கழிந்தால் போதும். அப்புறம், மாதவிலக்கு திடீரென்று மிகவும் குறைந்துவிட்டால் தள்ளிப்போடாமல் சொல்லுங்கள். உள்ளே சுவர்கள் ஒட்டியிருக்கலாம், அதைப் பிரித்துவிட முடியும்.

கேள்வி: பிரசவத்தில் தையல் பிரிந்துவிடும் என்று பயமுறுத்துகிறார்கள். சிசேரியன்தானா?

பதில்: அப்படி நடப்பது அரிது, சுமார் நூற்றில் ஒருவருக்கு அல்லது அதற்கும் குறைவு. ஆனால் வலி எடுப்பதற்கு முன்பே, கடைசி மாதங்களிலும் நடக்கலாம். திடீர் வயிற்றுவலி, இரத்தப்போக்கு, குழந்தையின் அசைவு குறைவது, இதில் எது வந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

சிசேரியனா இல்லையா என்பதை உங்கள் ஆபரேஷன் குறிப்பு சொல்லும். வெட்டு எவ்வளவு ஆழம், உள்ளறை திறந்ததா, எத்தனை அடுக்காகத் தைத்தார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். டிஸ்சார்ஜ் சம்மரியில் பல நேரம் 'கட்டி அகற்றப்பட்டது' என்று ஒரு வரிதான் இருக்கும். அது போதாது, முழுக் குறிப்பையும் கேட்டு வாங்குங்கள். கையில் அது இல்லாமல் எட்டாம் மாதத்தில் வந்து நிற்கிற பெண்ணுக்கு என்ன சொல்வது என்று தெரியாமல் நான் தவித்திருக்கிறேன். உள்ளறை திறந்திருந்தாலோ வெட்டு ஆழமாக இருந்தாலோ 37, 38 வாரத்தில் திட்டமிட்ட சிசேரியன் நல்லது. வெளிப்பக்கம் காம்புபோல் தொங்கிய கட்டியை மட்டும் எடுத்திருந்தால் சுகப்பிரசவத்துக்குத் தடையில்லை.

கேள்வி: எனக்கு வயது 38. ஆபரேஷனுக்குப் பதில் எம்போலைசேஷன் செய்யலாமா?

பதில்: எம்போலைசேஷன் என்றால் கட்டிக்குப் போகும் இரத்த ஓட்டத்தை அடைத்து அதைச் சுருங்க வைப்பது. குழந்தை வேண்டும் என்பவர்களுக்கு நான் அதை முதலில் சொல்வதில்லை. அதன்பின் கர்ப்பமானவர்கள் இருக்கிறார்கள். ஆனால் கருச்சிதைவு கூடலாம், முட்டை இருப்பும் குறையலாம். ஆபரேஷன் செய்துகொண்டால், காத்திருக்கும் மாதங்களிலேயே கணவரின் விந்துப் பரிசோதனையை முடித்துவிடுங்கள். முயற்சி தொடங்கி ஆறு மாதத்தில் தங்கவில்லை என்றால் சிகிச்சைக்கு வாருங்கள்.

கேள்வி: ஒரு வருடத்தில் வெளிப்பக்கம் 2 செ.மீ. கட்டி மறுபடி வந்திருக்கிறது. திரும்பவும் ஆபரேஷனா?

பதில்: வேண்டாம். அந்த இடத்தில் அந்த அளவு கட்டி கருத்தரிப்பைத் தடுக்காது. நீங்கள் முயற்சியைத் தொடருங்கள், கட்டியை ஸ்கேனில் பார்த்துக்கொள்ளலாம்.